புயல், வெள்ள நேரத்தில் ஓவர்லோடு ஏற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரிப் பக்கம் பைபாஸ் ஓரத்தில் எடை மேடை வைத்திருக்கிறேன். சீட்டு அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. ஆனால் எங்காவது புயல், வெள்ளம், நிலச்சரிவு என்று செய்தி வந்துவிட்டால், அன்றைக்கு எடை போடுவதைவிடப் பதில் சொல்வதுதான் அதிகம். லாரி ஓனர்கள், டிரைவர்கள், நிவாரணப் பொருள் திரட்டும் ஊர்ப் பையன்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே என்று உட்கார்ந்தேன்.

பேரிடர் என்று அரசாங்கமே அறிவித்த பிறகு ஓவர்லோடுக்குக் கேஸ் போட மாட்டார்கள்தானே?

போடலாம். பேரிடர் அறிவிப்பு வந்ததும் எடை வரம்பு தானாகத் தூங்கிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113 சொல்வது ஒன்றுதான்: ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டி வண்டியை ஓட்டக் கூடாது, ஓட்டவும் விடக் கூடாது. வெள்ளமாக இருந்தால் பரவாயில்லை என்று அதில் ஒரு வரி கிடையாது.

தாண்டினால் பிரிவு 194. 2019 செப்டம்பர் 1 முதல் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இறக்குகிற செலவும் நம் தலையில்தான். முன்பு இது 2,000மும் டன்னுக்கு 1,000முமாக இருந்தது. அந்தப் பழைய கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

டிரைவர் மட்டும் மாட்டுவார் என்றும் நினைக்க வேண்டாம். ஓனருக்குத் தெரிந்துதான், அல்லது அவர் சொல்லித்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

என் வண்டிக்கு எத்தனை டன் வரைக்கும் ஏற்றலாம்?

உங்கள் ஆர்.சி.யைப் பாருங்கள். பக்கத்து வண்டிக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் போட்ட ஒற்றை ஆக்சிலுக்கு (சக்கரங்களை இணைக்கும் அச்சு) 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது. எட்டு டயர் இரட்டை ஆக்சிலுக்கு 19ஆக இருந்தது 21 ஆனது. 10 வீல் வண்டியின் மொத்த எடை 25இல் இருந்து 28.5 டன்னுக்குப் போனது. ஆனால் ரோட்டில் நிறுத்தும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கப்போவது உங்கள் வண்டியின் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணைத்தான். அதில் 25 என்று இருந்தால் 25தான்.

இன்னொன்று: மொத்த எடை சரியாக இருந்தும் ஒரு ஆக்சிலில் மட்டும் தாண்டியிருக்கலாம். பாடியின் பின்பக்கமாக அடுக்கித் தள்ளிவிட்டால் அப்படித்தான் ஆகும். நிவாரணப் பொருள் ஏற்றும்போது லோடுமேன் யாரும் இருக்க மாட்டார்கள், பையன்கள் கைக்கு எட்டின இடத்தில் அடுக்குவார்கள். அதனால் இந்தத் தப்பு சாதாரண நாளைவிட அப்போதுதான் அதிகம்.

கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் டேங்கர்களுக்கு எல்லாவற்றையும் தளர்த்தினார்களே?

பல பேர் மனதில் இருக்கும் கதை இது. என்ன தளர்த்தினார்கள் என்று தனித்தனியாகப் பார்த்தால் விஷயம் புரியும்.

2020 செப்டம்பரில், ஆக்சிஜன் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குப் பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு விலக்கு கொடுத்தது. 2021 மே மாதம், திரவ ஆக்சிஜன் டேங்கர்களை ஆம்புலன்ஸ் மாதிரி கருதி டோல் கட்டணம் வாங்க வேண்டாம் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் இருந்து வாளையார் வழியாக வந்த டேங்கர்களுக்குப் போலீஸ் முன்னால் போய் வழி விட்டதும் உண்டு. 2020 ஏப்ரலில், ஊரடங்குக்கு நடுவிலும் சரக்கு லாரி இரண்டு டிரைவர், ஒரு கிளீனரோடு மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று உள்துறை உத்தரவு வந்தது.

பர்மிட், டோல், நேரம், எல்லை. தளர்ந்ததெல்லாம் இவைதான். வண்டி நிற்காமல் போவதற்கு எது தடையோ அதை எடுத்தார்கள். பத்து டன் வண்டியில் பதினைந்து டன் ஏற்றிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தட்டுப்பாடாக இருந்ததும் டேங்கர்களின் எண்ணிக்கைதான். அதனால் காலி டேங்கரை விமானத்திலும் ரயிலிலும் ஏற்றி அனுப்பினார்கள். டேங்கர் ஒன்றுக்கு இரண்டு டன் கூட ஊற்றுவதைவிட, திரும்பி வரும் நேரத்தில் ஒரு நாள் மிச்சம் பிடித்தால் லாபம் பெரிது. லாரித் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கலெக்டரிடம் எழுதி வாங்கினால் போதுமா?

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர்தான். பாதிக்கப்பட்ட பகுதிக்குள் எந்த வண்டி போகலாம், எது போகக் கூடாது என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. வழி ஒதுக்கலாம், நேரத் தடையைத் தளர்த்தலாம், போலீஸ் துணை கொடுக்கலாம். மொத்த எடை வரம்பை நிர்ணயிப்பது மட்டும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 58இன்படி மத்திய அரசின் அறிவிப்பு.

என் அபிப்பிராயம் இது: கலெக்டர் ஆபீஸ் சீட்டு வாங்குங்கள். ஆனால் அதை எடைக்கான சீட்டாக நினைக்காதீர்கள். சீட்டில் வண்டி எண், என்ன பொருள், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'சார்கிட்ட போன்ல சொல்லியாச்சுங்க' என்பது செக்போஸ்ட்டில் செல்லாது. அங்கே நிற்கிறவர் அந்த சாருடைய மாவட்டத்துக்காரராகவே இருக்க மாட்டார்.

கலெக்டரே லாரியை எடுத்துக்கொண்டால் வாடகை கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 65 வண்டியைக் கையகப்படுத்த அதிகாரம் தருகிறது. பிரிவு 66, அந்தப் பகுதியில் நடப்பில் இருக்கும் வாடகை விகிதப்படி பணம் தரச் சொல்கிறது. தொகை போதாது என்று தோன்றினால் 30 நாளுக்குள் நடுவரிடம் அனுப்பக் கேட்டு மனு கொடுக்கலாம். வண்டியை ஒப்படைக்கும்போது கிலோமீட்டர், டீசல் அளவு, டயர் நிலைமை எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நியாயமான காரணம் இல்லாமல் தர மறுப்பதும் குற்றம்தான்.

அப்படி எடுத்த வண்டியில் அங்கே இருப்பவர்கள் ஓவர்லோடு ஏற்றச் சொன்னால் டிரைவர் என்ன செய்வது? ஆர்.சி.யை எடுத்துக் காட்டி, இவ்வளவுதான் தாங்கும் என்று மரியாதையாகச் சொல்லலாம். வருவாய்த் துறை அதிகாரிகளுக்கு லாரி எடைக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

டிரான்ஸ்பார்மர் மாதிரிப் பிரிக்கவே முடியாத சாமானை என்ன செய்வார்கள்?

இதுதான் உண்மையான ஓவர்வெயிட் கேள்வி. அரிசி மூட்டையை இரண்டு வண்டியில் போடலாம். தண்ணீரை இரண்டு நடையாக அடிக்கலாம். சப்-ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மரை அறுத்துக்கொண்டு போக முடியாது. பெரியவை நூறு டன்னைத் தாண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, உள்ளே நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ நிரப்பித்தான் கொண்டு போவார்கள். அப்படியும் எடை அவ்வளவு.

இதற்கு ஓ.டி.சி. அனுமதி (அளவு மீறிய சரக்குக்கான அனுமதி) என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலை இறக்கை போவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கும் இதே வழிதான். இறக்கைக்கு நீளம் பிரச்சினை, டிரான்ஸ்பார்மருக்கு எடை. வரிசை வரிசையாக ஆக்சில் வைத்த ஹைட்ராலிக் டிரெய்லரில் ஏற்றி, ஒரு ஆக்சிலில் விழும் பாரத்தைப் பகிர்ந்துவிடுவார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அமைச்சகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், வழியில் இருக்கும் பாலங்களைப் பார்த்துத்தான் அனுமதி. பாலத்தில் ஏறும்போது வேறு வண்டி எதுவும் கூட இருக்கக் கூடாது. நட்டநடுவில், நடை வேகத்தில், பிரேக் போடாமல் கடக்க வேண்டும்.

அவசர காலத்தில் இந்த அனுமதியைச் சீக்கிரம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நாலு நாள் வேலையை நாலு மணி நேரத்தில் முடித்துத் தருவதுதான் இங்கே தேவைப்படும் சலுகை. பாலத்தைப் பார்க்காமல் விடுவது சலுகை ஆகாது.

அமெரிக்காவில் பேரிடர் சமயத்தில் ஓவர்வெயிட்டுக்கே பர்மிட் தருகிறார்களாமே?

தருகிறார்கள். அங்கே நெடுஞ்சாலையில் மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு, நம் கணக்கில் 36 டன் சொச்சம். சாதாரண நாளில் பிரிக்க முடியாத லோடுக்குத்தான் அதற்கு மேல் அனுமதி. ஜனாதிபதி பெரும் பேரிடர் என்று அறிவித்தால், பிரிக்கக்கூடிய லோடுக்கும் மாநிலங்கள் தனிப் பர்மிட் தரலாம் என்று 2012இல் சட்டம் திருத்தினார்கள். அதிலும் கட்டு உண்டு. நிவாரணப் பொருளுக்கு மட்டும்தான் செல்லும், அறிவிப்பு வந்த நாளில் இருந்து 120 நாளுக்குள் முடிந்துவிடும்.

'பாத்தீங்களா, அங்கேயே விடறாங்க' என்று இதைச் சொல்லித்தான் ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். ஆனால் அவர்கள் ஒரு ஆக்சிலுக்கு வைத்திருக்கும் வரம்பு 20,000 பவுண்டு, அதாவது 9 டன் சொச்சம். நமக்கு 11.5. அவர்கள் சலுகை கொடுத்துத் தொடும் இடத்தில் நாம் தினமும் நிற்கிறோம். போதாததற்கு, பனி உருகி மண் இளகும் மாதங்களில் அங்கே பல மாநிலங்கள் எடை வரம்பை வழக்கத்தைவிடக் குறைத்துவிடும். அந்த நண்பர் அதைச் சொல்லவில்லை.

ஒரு தடவை போவதில் ரோட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊர்ப் பக்கம், சோதனைக்கென்றே ரோடு போட்டு இரண்டு வருடம் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த கணக்கு இன்றைக்கும் உலகம் முழுக்க ரோடு போடுகிறவர்கள் கையில் இருக்கிறது. ஆக்சில் எடை கூடினால் சேதம் அதே அளவில் கூடாது, ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடும். 20 சதவீதம் அதிகமாக ஏற்றினால் ரோட்டுக்கு இரண்டு மடங்கு சேதம். 11.5 டன் ஆக்சிலில் 14 டன் வைத்தால் அதுவும் இரண்டு மடங்குக்கு மேல்.

இது காய்ந்த ரோட்டுக்கான கணக்கு. வெள்ளம் வடிந்த ரோட்டைக் கவனித்துப் பாருங்கள். மேலே தார் நன்றாகத்தான் இருக்கும். அடியில் மண் ஊறிக் களியாக இருக்கும், ஓரத்தில் அரித்திருக்கும். லாரி ஏறினதும் டயருக்குப் பக்கத்தில் வெடிப்பு வழியாகச் சேற்றுத் தண்ணீர் பீச்சி வரும். அப்படி வந்தால் அடியில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று அர்த்தம். ஊருக்குள் போக ஒரே ஒரு ரோடுதான் இருக்கிறது, அதை முதல் லாரி உடைத்துவிட்டால் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் எங்கே போகும்? ரோடு பலவீனமாக இருக்கும் நாளில்தான் நாம் அதிக பாரம் கேட்கிறோம். எனக்கு ஓவர்லோடு சலுகை பிடிக்காமல் போனதற்கு முதல் காரணமே இதுதான்.

பாலம் தாங்குமா என்று எப்படித் தெரியும்?

போர்டு இருந்தால் போர்டுதான் வேதம். நெடுஞ்சாலையின் பெரிய பாலங்கள் கனமான பாரத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டியவை. வாய்க்கால் மேல் இருக்கும் ஊராட்சி ரோட்டுப் பாலமும் பழைய கருங்கல் பாலமும் அப்படி இல்லை. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில், சூரல்மலையில் ராணுவம் 190 அடி நீளத்துக்கு, இரும்புத் துண்டுகளை இணைத்துக் கட்டும் ஒரு பெய்லி பாலத்தை இரண்டே நாளில் கட்டியது. அதன் தாங்குதிறன் 24 டன். அந்த இடத்தில் அதைவிட அவசரம் எங்கும் இருந்திருக்காது. அப்போதும் 24 டன் 24 டன்தான்.

நம் பக்கம் மலைப்பாதை வேறு இருக்கிறது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. தொப்பூர் இறக்கத்தைப் பற்றிச் சேலம், தருமபுரி டிரைவர்களிடம் சொல்லவே வேண்டாம். லோடு கூடினால் இறக்கத்தில் பிரேக் டிரம் சூடாகி, பிடிப்பே இல்லாமல் போகும். 'நிவாரண வண்டி' என்று எழுதி ஒட்டினால் டிரம் குளிர்ந்துவிடாது.

வறட்சிக்குத் தண்ணீர் அடிக்கும் லாரிக்காவது விட மாட்டார்களா?

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 12,000 லிட்டர் டேங்க் என்றால் 12 டன். 16.2 டன் ஆர்.சி. உள்ள 6 வீல் வண்டி டேங்கோடு வெறுமையாக ஆறரை டன் இருந்தால், ஏற்ற மிச்சம் 9.7 டன்தான். நிரப்பினால் இரண்டு டன்னுக்கு மேல் தாண்டிவிடும், அபராதம் 24,000 வரும். கோடையில் ஊருக்குள் ஓடும் டேங்கர்களில் இப்படி எத்தனை என்பதை நான் சொல்ல மாட்டேன், பிழைப்பு நடக்க வேண்டும்.

சரி, குறைத்து ஊற்றிக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்கில் முக்கால் தண்ணீர் இருந்தால், வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி வண்டியைத் தள்ளும். தகடு வைத்த டேங்காக இருக்க வேண்டும், அல்லது வண்டிக்கு ஏற்ற டேங்க் கட்ட வேண்டும். நாமக்கல்லில் பாடி கட்டும்போதே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நிவாரண லாரி அனுப்புகிறோம். எப்படி ஏற்ற வேண்டும்?

2018 நவம்பர், கஜா புயல் கரையைக் கடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து ஊர்ப் பையன்கள் டெல்டாவுக்கு ஒரு 10 வீல் லாரி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேடையில் ஏறினார்கள். எடை போடும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. டிரைவர்தான் பிடிவாதமாக ஏற்றினார். அரிசி, பாய், தார்ப்பாய், மெழுகுவர்த்தி, அதற்கு அடியில் தண்ணீர் பாட்டில் பெட்டிகள். பார்த்தால் பாடியின் பலகை மட்டம்கூட வரவில்லை. திரையில் விழுந்தது 28,340. ஆர்.சி.யில் 25,000.

"நிவாரணம்னு பேனரே கட்டியிருக்கோமுங்ணா, யாரு நிறுத்தப் போறாங்க?" என்றான் ஒருவன். டிரைவர் ஒன்றும் பேசாமல் டார்ச் அடித்துப் பின் கமான் பட்டையை, அதாவது பாரம் தாங்கும் ஸ்பிரிங்கை, காட்டினார். வளைவே இல்லாமல் ஸ்கேல் மாதிரி நேராக நின்றது. "நிறுத்தறது அவங்க இல்லீங் தம்பி, இதுதான்" என்றார்.

தண்ணீர்தான் வில்லன். ஒரு லிட்டர் பாட்டில் 12 அடங்கிய பெட்டி பன்னிரண்டரை கிலோ வரும். 280 பெட்டி இறக்கினோம், சரியாகிவிட்டது. மறுநாள் காலையில் வேறொரு சின்ன வண்டியில் அவை போயின. அங்கே போனதும் முதலில் கேட்டு வாங்கியது தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும்தான் என்று டிரைவர் திரும்பி வந்து சொன்னார்.

ஆகவே ஏற்றும் முன்பே எடையைக் கூட்டிப் பாருங்கள். கனமான பெட்டிகளை அடியில், முன் பக்கம் தொடங்கிச் சீராகப் பரப்புங்கள். ஒரு பெரிய வண்டியைவிட இரண்டு சிறிய வண்டிகள் நல்லது. சந்துக்குள் நுழையும், சின்னப் பாலத்தில் ஏறும்.

வழியில் ரோடு துண்டித்துவிட்டால், பர்மிட் இல்லாத வழியில் திருப்பலாமா?

திருப்பலாம். வெள்ளம், நில நடுக்கம், சாலைத் தடை போன்ற காரணங்களால் வேறு வழியில் போய்ச் சேர வேண்டி வந்தால் பர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 66(3)இலேயே இருக்கிறது. எடைக்கு அந்த விலக்கு இல்லை.

பிடித்துவிட்டார்கள். அபராதம் கட்டிவிட்டு அப்படியே போகலாமா?

கூடாது. கூடுதல் லோடை இறக்கின பிறகுதான் வண்டி நகர வேண்டும். ஒரு காலத்தில் சில மாநிலங்களில் மொத்தமாகப் பணம் கட்டி 'கோல்டு கார்டு' வாங்கிக்கொண்டு ஓவர்லோடிலேயே ஓட்டினார்கள். 2005இல் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது.

எடை போட வரச் சொன்னால் மறுக்க வேண்டாம். போகும் வழியில் 10 கிலோமீட்டருக்குள் எடை மேடை இருந்தால் அங்கே வரச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நிற்காமலோ எடை போட விடாமலோ போனால் 40,000 ரூபாய். டிரைவரின் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தப்படவும் கூடும்.

இறக்கின சரக்கை இன்னொரு வண்டியில் ஏற்றினால் இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) வண்டி எண் இருக்கும் இரண்டாம் பகுதியை மறக்காமல் மாற்றுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டு, எடைக் கேஸில் தப்பித்து ஜி.எஸ்.டி. கேஸில் மாட்டினவர்கள் உண்டு.

ஓவர்லோடில் விபத்து ஆனால் இன்சூரன்ஸ் வருமா?

நம் வண்டிச் சேதத்துக்கான கிளைமை முழுதாகத் தராமல் 75 சதவீதத்துக்குள் நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் அந்த வழிகாட்டியை எடுத்துக் காட்டியது. சேதத்தைப் பார்க்க வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பது எடைச் சீட்டைத்தான். நிவாரண வண்டியாக இருந்தாலும் சீட்டு ஒன்று எடுத்து டேஷ்போர்டில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். நிவாரண வண்டிக்கு என் மேடையில் காசு வாங்குவதில்லை.